தாய்மாமன் வீட்டுச் சிறை: இன்னிஷ் கோனல் தீவுக்கோட்டை

ஸ்காட்லாந்து கோட்டைகள் என்று கூகுளில் தேடினால் வரும் படங்களில் ஒன்று கண்டிப்பாகக் கில்ஹர்ன் கோட்டையாக இருக்கும். ஏரிக்கரை, பின்னால் பனி படிந்த மலை, முன்னால் கூரை போன இடிந்த கோட்டை. காலண்டரில், பிஸ்கட் டப்பாவில் எல்லாம் பார்த்திருப்பீங்க. அந்த ஏரியின் பெயர் லோக் ஆ. லோக் என்றால் கேலிக் மொழியில் ஏரி. சுமார் 41 கிலோமீட்டர் நீளம். ஸ்காட்லாந்தின் நன்னீர் ஏரிகளில் இதுதான் நீளமானது, ஆனால் அகலம் ரொம்பக் குறைவு. மலைகளுக்கு நடுவே யாரோ கீறிவிட்ட கோடு மாதிரி இருக்கும்.

நான் எழுத வந்தது கில்ஹர்ன் பற்றி அல்ல. அதே ஏரியில் இன்னும் தென்மேற்கே போனால், கிழக்குக் கரையை ஒட்டினாற்போல ஒரு சின்னத் தீவு வரும். இன்னிஷ் கோனல் என்று பெயர். இன்னிஷ் என்றால் தீவு. அதன் மேல் மரமும் கொடியும் மூடிய ஒரு கோட்டைச் சிதைவு இருக்கிறது. கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனாலும் படகு இல்லாமல் போக முடியாது. சுற்றுலாக் கையேடுகள் இதற்கு இரண்டு வரி ஒதுக்கும்: கேம்பல் குலத்தின் பழைய இருப்பிடம், 13-ம் நூற்றாண்டு. அவ்வளவுதான். சில மாதங்களாக ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் இந்தத் தீவு வேறொரு காரணத்துக்காகத் திரும்பத் திரும்ப வந்தது. இங்கே ஒரு குழந்தை வளர்ந்தது. வளர்ந்தது என்பதா, அடைபட்டுக் கிடந்தது என்பதா என்பதுதான் கேள்வி.

முதலில் கோட்டை. 'கோட்டை' என்றதும் செஞ்சி, வேலூர் என்று கற்பனை செய்யாதீங்க. இது ஒரு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் தடித்த கல்சுவர் எழுப்பி, அந்தச் சுவரை ஒட்டி உள்பக்கமாக வீடுகள் கட்டிய அமைப்பு. நம்ம ஊர் தொட்டிக்கட்டு வீட்டைக் கல்லால் கட்டி, வெளிச்சுவரை இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் ஏற்றின மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 13-ம் நூற்றாண்டில் கட்டியதை 15-ம் நூற்றாண்டில் நிறைய மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். இன்று நிற்பதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது கட்டுமானம்தான்.

ஏன் ஏரி நடுவில் போய்க் கட்டணும்? பாதுகாப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அன்றைக்கு ஏரிதான் சாலை. இரண்டு பக்கமும் மலை, காடு, சதுப்பு. ஆளோ, மாடோ, தானியமோ, எது போனாலும் படகில்தான் போகணும். ஏரியைப் பிடித்தவன் பள்ளத்தாக்கைப் பிடித்தான். 1308-ஐ ஒட்டி, மெக்டூகல் குலத்தின் லார்ன் ஜான் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் எட்வர்டுக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் பெரும்படையோடு வந்துவிட்டான், நான் ஆறு மாதமாகப் படுத்த படுக்கை, காக்க வேண்டிய கோட்டை மூன்று, 24 லீக் நீளமுள்ள ஏரி ஒன்று என்று புலம்பல். ஏரி லோக் ஆ என்றும், மூன்று கோட்டைகளில் இன்னிஷ் கோனலும் ஒன்று என்றும் பலர் கருதுகிறார்கள். 24 லீக் என்றால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். உதவி கேட்டு எழுதும் கடிதத்தில் ஏரி கொஞ்சம் நீண்டுவிடும் போல.

ஜான் தோற்றார். புரூஸ் ஜெயித்தார். புரூஸ் பக்கம் நின்ற கேம்பல்களுக்கு 1315-ல் லோக் ஆ நிலங்கள் பட்டயமாகக் கிடைத்தன. அதற்குக் கைம்மாறாக அவர்கள் அரசருக்குத் தர வேண்டியது பணமோ குதிரைப்படையோ இல்லை. நாற்பது துடுப்புள்ள ஒரு கப்பல்! நிலத்துக்கு வாடகை கப்பல் என்பதிலிருந்தே அந்தப் பகுதியின் குணம் புரியும்.

'லோக் ஆ வரைக்கும் கூப்பிட்டால் ரொம்ப தூரம்' என்ற பொருளில் கேம்பல்களிடம் ஒரு பழமொழி உண்டு. எங்கள் ஊருக்குள் வந்து எங்களைப் பிடிக்க எவனாலும் முடியாது என்ற தெனாவட்டு அது. வால்டர் ஸ்காட் 1817-ல் வந்த 'ராப் ராய்' நாவலில் இதைப் போட்டு உலகம் முழுக்கப் பரப்பினார்.

15-ம் நூற்றாண்டின் நடுவில் கேம்பல் தலைவர்கள் குடி பெயர்கிறார்கள். தீவை விட்டுவிட்டு, கடலோடு சேரும் லோக் ஃபைன் கரையில் இன்வரேரி என்ற இடத்துக்கு. 1457-ல் காலின் கேம்பலுக்கு ஆர்கைல் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் கிடைக்கிறது. அரசவை, பாராளுமன்றம், எடின்பரோ என்று அலையும் ஆளுக்கு மலைநடுவே ஏரித்தீவு எதற்கு? இன்னிஷ் கோனலுக்கு ஒரு காப்பாளரை வைத்தார்கள். பாட்டன் வீடு காவல் வீடானது.

இனி மெக்டொனால்ட்களுக்கு வருவோம். கதையின் இன்னொரு பக்கம் அவர்கள்தான்.

ஹெப்ரிடீஸ் தீவுகளையும் மேற்குக் கரையோரத்தையும் கிட்டத்தட்டத் தனி அரசு போல ஆண்டவர்கள் மெக்டொனால்ட் தலைவர்கள். பட்டமே 'தீவுகளின் தலைவர்'. அவர்களின் இருப்பிடமும் ஓர் ஏரித்தீவுதான். ஐலா தீவில் ஃபின்லாகன் என்ற ஏரி, அதற்குள் இரண்டு சின்னத் தீவுகள், ஒன்றில் மண்டபமும் வீடுகளும், இன்னொன்றில் ஆலோசனைச் சபை. ஸ்காட்லாந்து மன்னர்களுக்கு இவர்கள் எப்போதும் கண்ணில் விழுந்த தூசி. 1462-ல் அன்றைய தலைவர் ஜான், இங்கிலாந்து மன்னன் நான்காம் எட்வர்டோடு ரகசிய ஒப்பந்தம் போட்டார். ஸ்காட்லாந்தைப் பிரித்துக்கொள்வதுதான் திட்டம். அது பின்னால் வெளியே தெரிந்துபோய், 1476-ல் ஜான் தன் ராஸ் பிரபுப்பட்டத்தை இழந்தார். தீவுகள் மட்டும் கையில் மிஞ்சின.

மகன் ஆங்கஸ் ஓக் (ஓக் என்றால் இளையவன்) இதை ஏற்கவில்லை. அப்பா எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துட்டார் என்று கோபம். அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை முற்றி, 1480-களின் தொடக்கத்தில் மல் தீவுக்குப் பக்கத்தில் கடலிலேயே மோதிக்கொண்டார்கள். 'ரத்த விரிகுடா' என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர். மகன் ஜெயித்தான்.

இந்த ஆங்கஸ் கட்டியது யாரை? ஆர்கைல் ஏர்ல் காலின் கேம்பலின் மகளை. அவர்களுக்குப் பிறந்த பையன்தான் டொனால்ட் டூ. டூ என்றால் கேலிக்கில் கருப்பு, கருத்த முடிக்காரன். அப்பா வழியில் தீவுகளின் வாரிசு. அம்மா வழியில் கேம்பல் ஏர்லின் பேரன். அந்தப் பேரனை வருஷக்கணக்கில் இன்னிஷ் கோனலில் பூட்டி வைத்தது அம்மாவின் குடும்பம்.

எப்படி அங்கே போனான் என்பதற்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான்.

முதல் கதை ஸ்கை தீவின் ஸ்லேட் பகுதியைச் சேர்ந்த ஹியூ மெக்டொனால்ட் 17-ம் நூற்றாண்டில் எழுதிய குல வரலாற்றில் வருகிறது. ஏத்தல் ஏர்ல் என்ற பிரபு ரகசியமாக ஐலாவுக்குப் படகில் வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், தாத்தா ஆர்கைலிடம் ஒப்படைத்தான். பழிக்குப் பழியாக ஆங்கஸ் ஏத்தல் நாட்டுக்குள் புகுந்து, தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஏத்தலையும் மனைவியையும் பிடித்து ஐலாவுக்குக் கொண்டுவந்தான் என்று மரபுக்கதை தொடர்கிறது. வரும் வழியில் புயலில் படகுகள் மூழ்கின. தேவாலயத்தைத் தீண்டிய பாவம் என்று பயந்து பிறகு அவர்களை விட்டுவிட்டான். இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. கைதியை விடும்போது 'என் பிள்ளையைக் கொடு' என்று பேரம் பேசியிருக்க வேண்டாமா? பிள்ளை ஏத்தலிடம் இல்லை, ஆர்கைலிடம் இருந்தான், அதனால் பேரம் பலிக்கவில்லை என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம்.

இரண்டாவது சாட்சி இதைவிட நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. 1545-ல் டொனால்டின் ஆட்கள் இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் அரசாங்கத்துக்கு எழுதியது. எங்கள் தலைவர் தாயிடமிருந்து பிறப்பதற்கு முன்பே சிறையில் இருந்தவர் என்று அதில் சொல்கிறார்கள். எதிரிகள் விரும்பி விடுவிக்கவில்லை, இப்போதுதான் கடவுள் அருளால் வெளியே வந்தார் என்றும் சேர்க்கிறார்கள்.

பிறப்பதற்கு முன்பே! அப்படியென்றால் ஐலாவிலிருந்து யாரும் குழந்தையைத் தூக்கவில்லை. கர்ப்பிணியான அம்மா பிறந்த வீட்டில் இருந்தாள், பிள்ளை அங்கேயே பிறந்தது, திரும்பி அனுப்பவில்லை. இதைப் படித்ததும் தமிழ் மண்டைக்கு உடனே ஒன்று தோன்றும்: தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண். எனக்கும் தோன்றியது. ஆனால் அது நம்ம ஊர்க் கண்ணாடி. ஹைலேண்ட்ஸில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை, அதனால் அதை அப்படியே ஓரமாக வைத்துவிடுகிறேன். அங்கே இருந்த வழக்கம் வேறு. பெரிய குடும்பத்துப் பிள்ளைகளை இன்னொரு குடும்பத்தில் விட்டு வளர்ப்பார்கள். வளர்ப்பு உறவு ரத்த உறவுக்கு சமமாக மதிக்கப்பட்டது. கேம்பல்களைக் கேட்டிருந்தால் 'பேரன் தாத்தா வீட்டில் வளர்கிறான், இதில் என்ன தப்பு' என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

ஒன்றைக் கவனிக்கணும். இரண்டு சாட்சியுமே மெக்டொனால்ட் தரப்பிலிருந்து வந்தவை. 1545 கடிதமும் சும்மா எழுதினதில்லை. ஹென்றியிடம் பணமும் படையும் கேட்கும்போது தலைவரின் துன்பத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். லார்ன் ஜானின் ஏரி நீண்ட மாதிரி இதுவும் நீண்டிருக்கலாம். இருந்தாலும், எழுதிய நேரத்தில் டொனால்ட் உயிரோடு அங்கேயே இருந்தார். வீரசாகசமாகக் கதை கட்ட நினைத்திருந்தால் கடத்தல் கதைதான் வசதி. 'கருவிலேயே சிறை' என்பது சாகசமே இல்லாத, வெறும் வருத்தம். அதனால் நான் இரண்டாவதன் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறேன்.

அரசாங்க ஆவணங்கள் என்ன சொல்கின்றன? அவற்றில் டொனால்ட் முறையற்ற பிள்ளை. அவன் அப்பா ஆங்கஸும் முறையற்றவன். ஒரே வரியில் இரண்டு தலைமுறையின் உரிமை காலி. 1490-ல் ஆங்கஸை இன்வர்நஸில் அவனுடைய அயர்லாந்து யாழ்க்கலைஞனே தூக்கத்தில் கழுத்தறுத்துக் கொன்றான். 1493-ல் 'தீவுகளின் தலைவர்' பட்டத்தையே அரசு பறித்தது. பட்டம் போன கிழவர் ஜான் அரசர் கொடுத்த உதவித்தொகையில் காலம் தள்ளி, 1503-ல் டண்டீ நகரில் ஒரு தங்குமிடத்தில் இறந்தார். ஆக, ஏரித்தீவில் இருந்த பையன் மட்டும்தான் மிச்சம். உயிரோடு இருக்கணும், வெளியே வரக்கூடாது. அதே 1493-ல் தாத்தா காலினும் இறந்துபோக, மகன் ஆர்ச்சிபால்ட் இரண்டாம் ஏர்ல் ஆனார். டொனால்டுக்கு அவர் தாய்மாமன். காது குத்தும்போது மடியில் உட்கார வைக்கும் உறவு என்று நாம் நினைப்போம். இந்த மாமன் மருமகனை இன்னும் எட்டு வருஷம் வைத்திருந்தார். 1500-ல் தீவுகளுக்கு அரசரின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டதும் இதே மாமன்தான். தீவுகளின் உண்மையான வாரிசைப் பூட்டி வைத்துக்கொண்டு தீவுகளை நிர்வகிப்பது எவ்வளவு வசதி பாருங்க.

1501-ல் டொனால்ட் தப்பினார். இருபது வயதை ஒட்டி இருக்கும். கிளென்கோ பள்ளத்தாக்கு மெக்டொனால்ட்கள் தீவுக்குள் புகுந்து மீட்டார்கள் என்பது குல மரபு. (1692-ல் விருந்தாளியாகத் தங்கிய படை 38 பேரைக் கொன்ற அதே கிளென்கோ. அந்தப் படைக்குத் தலைமை ஒரு கேம்பல். அது தனிப் பதிவுக்கான விஷயம்.) வெளியே வந்தவர் நேராகப் போனது லூயிஸ் தீவின் டார்க்கில் மெக்லியோடிடம். டார்க்கிலின் மனைவி கேத்தரின் யார் தெரியுமா? அவரும் காலின் கேம்பலின் மகள்தான். அதாவது டொனால்டின் அம்மாவுடன் பிறந்தவர். அடைத்து வைத்தவர் மாமன், அடைக்கலம் கொடுத்தது சித்தியோ பெரியம்மாவோ இருந்த வீடு. கிளென்கோ ஆட்களின் வீரம் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே இருந்து யாரும் கதவைத் திறக்காமல், காவல் இருக்கும் ஒரு தீவுக்கோட்டையிலிருந்து ஆளைக் கொண்டுபோக முடியுமா என்று சந்தேகம் வருகிறது. உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

தீவுகள் எழுந்தன. 1503 கிறிஸ்துமஸ் சமயத்தில் பேடனாக் பகுதி எரிந்தது. நான்காம் ஜேம்ஸ் மன்னன் கப்பல்களையும் பீரங்கிகளையும் அனுப்பினான். 1506-ல் ஹன்ட்லி ஏர்ல் லூயிஸின் ஸ்டோர்னவே கோட்டையைப் பிடித்ததோடு கலகம் ஓய்ந்தது. டொனால்ட் மறுபடி பிடிபட்டார். இந்தத் தடவை ஏரித்தீவு இல்லை. பெரும்பாலான நூல்கள் எடின்பரோ கோட்டை என்கின்றன. அங்கே எத்தனை வருஷம்? சுமார் முப்பத்தேழு. மருமகனைப் பூட்டிய மாமன் ஆர்ச்சிபால்ட் 1513-ல் ஃப்ளாடன் போரில், அரசனோடு சேர்ந்து செத்தார். டொனால்ட் சிறையிலேயே இருந்தார். 1540-ல் ஐந்தாம் ஜேம்ஸ் தீவுகளின் தலைவர் பட்டத்தை அரச குடும்பத்தோடு நிரந்தரமாக இணைத்தார். டொனால்ட் அப்போதும் உள்ளேதான்.

1543-ல் வெளியே வந்தபோது வயது அறுபதை ஒட்டி. அவரை நேரில் அறிந்தவர்கள் தீவுகளில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்? ஆனாலும் தீவுகள் அவர் பின்னால் திரண்டன. 1545 ஆகஸ்டில் கடலைத் தாண்டி அயர்லாந்தின் கேரிக்ஃபெர்கஸில் போய் இறங்கினார்; 180 துடுப்புக்கப்பல்கள், 4,000 பேர். எட்டாம் ஹென்றியோடு ஒப்பந்தம் ஆனது. ஆண்டுக்கு 2,000 கிரவுன் உதவித்தொகை என்று பேச்சு. இங்கிலாந்திலிருந்து வந்த பணத்தைப் பங்கு போடுவதில் தலைவர்களுக்குள் சண்டை வந்தது, படை கலைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ட்ரோஹெடா நகரில் டொனால்ட் காய்ச்சலில் இறந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபத்தைந்து வயதுக்கு, சுதந்திரமாக இருந்தது எட்டு வருஷம்கூடத் தேறவில்லை.

டொனால்ட் டூ பற்றி ஆராய்ச்சியாளர்கள் எழுதும்போது பேச்சு உடனே அரசியலுக்குப் போய்விடுகிறது: இரண்டு கலகம், இங்கிலாந்தின் சூழ்ச்சி, தீவு அரசின் முடிவு. இன்னிஷ் கோனல் வருஷங்கள் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். அந்த வருஷங்களில்தான் அவர் பேசக் கற்றார். கேலிக்கில் 'கிளான்' என்ற சொல்லுக்கே அடிப்படைப் பொருள் பிள்ளைகள் என்பது. குலம் என்றால் ஒருவன் வழிவந்த பிள்ளைகள். அந்தப் பையன் தன்னை யாருடைய பிள்ளை என்று நினைத்து வளர்ந்திருப்பான்? காதில் விழுந்த பெருமைக் கதை எல்லாம் கேம்பல் கதையாகத்தான் இருந்திருக்கும். தப்பித்த இரண்டே ஆண்டில் கேம்பல்களின் எதிரிகளுக்குத் தலைமை தாங்கினார் என்றால், நீ யார் என்று அவரிடம் யாரோ முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவருடைய அம்மாவாக இருக்கலாம் என்பது என் ஊகம். அந்தப் பெண்ணுக்கோ வம்சாவளி நூல்களில் ஒரே பெயர்கூட இல்லை. நூலுக்கு நூல் மாறுகிறது. ஏர்லின் மகள், ஆங்கஸின் மனைவி, டொனால்டின் தாய் என்று மூன்று ஆண்களை வைத்துத்தான் அவளை அடையாளம் காட்டுகிறார்கள்.

கோட்டை அதன்பின் பெரிதாக எதையும் பார்க்கவில்லை. காப்பாளர் பதவி மெக்ஆர்தர் குடும்பத்திடம் இருந்து, 1613-ல் மெக்லாக்லன் குடும்பத்துக்கு மாறியது. 19-ம் நூற்றாண்டு தொடங்கும்போது அது ஆளில்லாத இடிபாடு. 'தீவுகளின் தலைவர்' பட்டம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1540-ல் அரச குடும்பத்தோடு இணைத்தது இணைத்ததுதான். இன்று அதை வைத்திருப்பவர் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம்.